ஈசலின் பிழையா, விளக்கின் பிழையா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து ஓய்ந்த மாலைப் பொழுதுகளில் நம் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு காட்சி நிகழ்கின்றது. ஈரமண்ணின் மணம் காற்றில் நிறைந்திருக்கும். விளக்கேற்றிய சிறிது நேரத்தில் ஒன்று, இரண்டு என வரத் தொடங்கும் ஈசல்கள், சற்று நேரத்துக்குள் நூறாகி ஆயிரமாகி விளக்கைச் சூழ்ந்துகொள்ளும். சோற்றுத் தட்டில் விழும். குழந்தையின் தலைமுடியில் சிக்கும். சுவரில் பல்லிகளும் வாசலில் தேரைகளும் விருந்துக்கு வந்தவை போலக் காத்திருக்கும். வீட்டில் மூத்தவர்கள், “விளக்கை அணையுங்கள்” என்று குரல் கொடுப்பார்கள். சில வீடுகளில் விளக்கின் அடியில் அகன்ற பாத்திரத்தில் நீர் வைப்பார்கள். மறுநாள் காலை துடைப்பம் எடுப்பவர் கையில் சேர்வது மெல்லிய இறகுகளின் குவியல் ஒன்றே.

அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம் என்று சொல்லி வைத்தனர் நம் முன்னோர். ஈசல் பறப்பதைப் ‘பூப்பது’ என்று சொன்ன அவர்களுடைய பார்வையின் அழகு எண்ணி மகிழத்தக்கது. ஆனால் நாம் இன்று இந்தச் சிற்றுயிரைப் பெரும்பாலும் இரண்டு பொருளில் மட்டுமே நினைவுகூர்கின்றோம். அற்ப ஆயுளுக்கு உவமை ஒன்று. அறிவற்ற ஆசைக்கு உவமை மற்றொன்று. ‘ஈசல் வாழ்வு ஒரு நாள் வாழ்வு’ என்கின்றோம். ‘விளக்கில் விழுந்த விட்டில் போல’ என்று, கெட்டுப்போன மனிதரைச் சுட்டிப் பேசுகின்றோம். மேடைப் பேச்சுகளிலும் மறையுரைகளிலும் இவ்வுவமைகள் இடம்பெறுவதுண்டு.

இவ்வுவமைகள் உண்மையானவைதாமா? அவை உண்மையல்ல எனில், அவற்றைக்கொண்டு மனிதரைப் பற்றி நாம் வழங்கிவரும் தீர்ப்புகளும் மறு ஆய்வுக்கு உரியவை அல்லவா? இறந்த நம்பிக்கையாளரை நினைவுகூரும் இம்மாதத்தில், நம் வீடு தேடி வரும் இந்தச் சிறு விருந்தாளியை முன்னிட்டு இதனைச் சிந்திப்பது பயனுடையதாகும்.

ஒரு நாள் வாழ்வா?

ஈசல் தனியொரு பூச்சியினம் அன்று. கறையானின் இறகு முளைத்த பருவமே ஈசல். புற்றுக்குள் வாழும் கறையான்களுள் வேலை செய்வோரும் காவல் காப்போரும் பெரும்பாலும் பார்வையற்றவர்கள். இருளிலேயே பிறந்து இருளிலேயே உழைத்து முடிபவர்கள். அவர்களுக்கு நடுவே ஒரு பகுதியினர் மட்டும் கண்களோடும் நான்கு இறகுகளோடும் வளர்க்கப்படுகின்றனர். மழைக்குப் பின், காற்றில் ஈரம் மிகுந்து, வீச்சுத் தணிந்திருக்கும் வேளையில், வேலைக்காரக் கறையான்கள் புற்றில் வாயில்களைத் திறந்துவிடுகின்றன. காவலர்கள் அவ்வாயில்களில் நின்று காக்கின்றன. இறகுடையவை வெளியேறுகின்றன. ஒரே இனத்தைச் சேர்ந்த பல புற்றுகள் ஏறக்குறைய ஒரே வேளையில் திறப்பதால், ஒரு புற்றின் ஆணும் மற்றொரு புற்றின் பெண்ணும் சந்திக்க வழி பிறக்கின்றது.

அவை பறந்து மகிழ்வதற்காகப் புறப்பட்டவை அல்ல. அவற்றின் பறத்தல் மிகக் குறுகியது. பறக்கும் திறனும் குறைவே. தரையில் இறங்கியவுடன், இறகின் அடியில் இயல்பாகவே அமைந்துள்ள ஒரு கோட்டில் இறகுகளை முறித்து உதிர்த்துவிடுகின்றன. பின்பு பெண் முன்னே நடக்க, ஆண் அதனை ஒட்டிப் பின்தொடர, இரண்டும் இடம் தேடி, மண்ணைத் தோண்டி உள்ளே நுழைந்து வாயிலை அடைத்துக்கொள்கின்றன. அந்த இருட்டறையில் முதல் குஞ்சுகளை அவ்விரண்டுமே பேணி வளர்க்கின்றன. இனிப் பறக்கத் தேவையில்லை என்பதால், பறப்பதற்கென இருந்த தசைகளும் கரைந்து உணவாகின்றன. தேனீயிலும் எறும்பிலும் ஆண் கூடியபின் மடிந்துவிடும்; கறையானிலோ அரசனும் அரசியும் வாழ்நாள் முழுவதும் உடனுறைகின்றனர். அரசிக் கறையான் பத்தாண்டுகளுக்கும் மேலாக உயிர் வாழ்வதுண்டு.

ஆகவே ஈசலின் வாழ்வு ஒரு நாள் வாழ்வன்று. வாழ்வின் நெடிய பகுதி மண்ணுக்குள் நம் கண்ணுக்கு மறைந்து கிடக்க, நாம் காண்பது அதன் ஓர் இரவை மட்டுமே. நாம் கண்ட ஓர் இரவையே அதன் முழு வாழ்வு என்று எண்ணிப் பழமொழியும் இயற்றிவிட்டோம்.

ஒளியின்மேல் ஆசையா?

இரண்டாவது உவமையை எடுத்துக்கொள்வோம். பூச்சிகள் விளக்கின் அழகில் மயங்கி, ஆசை மேலிட்டு அதில் விழுகின்றன என்பது உலகெங்கும் நிலவும் எண்ணம். 2024-ஆம் ஆண்டு சனவரியில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ என்னும் அறிவியல் இதழில் வெளியான ஓர் ஆய்வு இவ்வெண்ணத்தை அசைத்துள்ளது. இலண்டன் ஆய்வுக்கூடத்திலும் கோஸ்டா ரிக்கா நாட்டின் வெட்டவெளியிலும் அதிவேக ஒளிப்படக் கருவிகளைக்கொண்டு, விளக்கைச் சுற்றும் பூச்சிகளின் பறத்தலை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பூச்சிகள் விளக்கை நோக்கி நேராகப் பாயவில்லை. அவை தம் முதுகை விளக்கின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே பறந்தன.

இதன் காரணம் எளியது. இரவானாலும் பகலானாலும் வானம் தரையைவிட வெளிச்சமானது. எனவே பறக்கும் பூச்சிகள் பலவற்றின் உடலிலும் ஒரு விதி எழுதப்பட்டுள்ளது: ‘ஒளி எப்பக்கமோ அப்பக்கம் மேல், அப்பக்கம் முதுகை வை.’ வானத்தின் கீழ் இவ்விதி பூச்சியை ஒருபோதும் ஏமாற்றியதில்லை. ஆனால் பூச்சியின் பக்கத்திலேயே மனிதன் ஒரு விளக்கை ஏற்றிவைத்தால், அவ்விளக்கையே அது வானம் என்று கொள்கின்றது. அதற்கு முதுகு காட்டத் திரும்புகின்றது. திரும்பத் திரும்ப விளக்கையே சுற்றுகின்றது. விளக்கின் மேலே சென்றுவிட்டாலோ தலைகீழாகக் கவிழ்ந்து விழுகின்றது. இந்த இயல்பு காணப்படாத பூச்சியினங்களும் சில உண்டு. எனினும், இரவு விளக்கின் முன் நாம் காணும் சுழற்சிக்கு இவ்விளக்கம் மிகவும் பொருந்துகின்றது.

இதிலிருந்து கிடைக்கும் செய்தி நம் உவமையைத் தலைகீழாக்குகின்றது. பூச்சி தவறான ஆசையால் கெடவில்லை. தனக்குப் படைப்பில் அருளப்பட்ட ஒரு நல்ல விதிக்குக் கீழ்ப்படிந்தே கெட்டது. விதி மாறவில்லை, வானத்தின் இடத்தில் விளக்கு வந்து நின்றது. அங்ஙனமாயின் பிழை யாருடையது?

வீணாகும் உயிர்கள்

இவ்வினாவுக்கு விடை காணுமுன் வேறொரு வினாவைக் கடந்தாக வேண்டும். விளக்கே இல்லாத காட்டிலும் ஈசல்களுள் பெரும்பகுதி மடிந்தே போகின்றது. கரிச்சானும் மைனாவும் காகமும் பறக்கும்போதே பிடித்துத் தின்கின்றன. தரையில் இறங்கினால் தேரையும் எறும்பும் பல்லியும் காத்திருக்கின்றன. ஆயிரமாயிரம் புறப்பட்டு மிகச் சிலவே மண்ணறையைச் சென்றடைகின்றன. அன்பே உருவான இறைவன் இத்தனை உயிர்களை ஏன் இப்படிச் சிந்துகின்றார்? இவ்வளவு வீணடிப்பா படைப்பு?

இக்கேள்வி புதிதன்று. தூய அகுஸ்தினார் யோவான் நற்செய்தி பற்றிய தம் முதல் விரிவுரையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றார். ஈக்களின் தொல்லை தாளாமல் சலித்திருந்த ஒருவரிடம் மானிக்கேய சமயத்தவர் ஒருவர் வந்து, இவற்றைப் படைத்தவர் யார் என்று கேட்டாராம். எரிச்சலில் இருந்த அம்மனிதர், கடவுள் படைத்திருக்க மாட்டார், அலகைதான் படைத்திருக்க வேண்டும் என்றாராம். உடனே வந்தவர், ஈயைவிடச் சற்றுப் பெரிய தேனீயைப் படைத்தவர் யார் என்றார். பின்பு வெட்டுக்கிளி, பல்லி, பறவை, ஆடு, மாடு, யானை என்று படிப்படியாக ஏறி, இறுதியில் மனிதனையும் கடவுள் படைக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாராம்! ஈயின் தொல்லைக்கு அஞ்சியவர் தம்மையே இழந்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானிக்கேயரோடு இருந்து மீண்ட அகுஸ்தினாருக்கு இதன் ஆபத்து நன்கு தெரியும். நமக்குத் தொல்லை தருவது என்பதால் ஓர் உயிரை இறைவனின் கையிலிருந்து பிரித்தால், அப்பிரிவினை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல இயலாது.

தூய தோமா அக்குவினார் மற்றொரு கோணத்தில் விடை தருகின்றார். ஒரு தனிப் பொருளை மட்டும் காப்பவன் அதற்கு எவ்விதக் குறையும் நேராமல் பார்த்துக்கொள்வான். அனைத்தையும் காப்பவரோ, முழுமையின் நலனுக்காக ஓர் உறுப்பில் குறை நேரவும் இடம் தருகின்றார் என்பது அவர் கருத்து. பிற விலங்குகள் மடியாவிடில் சிங்கம் உயிர் வாழ இயலாது என்று அவர் எடுத்துக்காட்டும் தருகின்றார். நம் முற்றத்து மொழியில் சொன்னால், ஈசல் மடியாவிடில் அம்மழைக்காலத்தில் கரிச்சான் குஞ்சு பசித்திருக்கும். மனிதரும் இவ்விருந்துக்கு அயலார் அல்லர். இருளர் மக்கள் ஈசலைப் பிடித்து வறுத்து உண்பர். நம் சிற்றூர்களில் அரிசியோடும் பொரியோடும் கலந்து உண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. புறநானூற்றின் 119-ஆம் பாடலில், பாரியை இழந்த பறம்பு நாட்டை நினைந்து வருந்தும் கபிலர், கார்கால உணவாகப் புற்று ஈயலை மோரோடு கூட்டிச் சமைத்ததைக் குறிப்பிடுகின்றார்.

ஆயினும் அக்குவினாரின் விடை நம் அறிவுக்கு நிறைவளிப்பது போல் நம் உள்ளத்துக்கு நிறைவளிப்பதில்லை. முழுமையின் நலனுக்காக மடியும் அந்த ஒன்றை நினைப்பவர் யார்? இங்கேதான் நம் ஆண்டவரின் சொல் துணை நிற்கின்றது. காசு ஒன்றுக்கு இரண்டு சிட்டுக்குருவிகள் என்று மத்தேயு (10:29) எழுதுகின்றார். இரண்டு காசுக்கு ஐந்து என்று லூக்கா (12:6) எழுதுகின்றார். அப்படியானால் ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை. அது கொசுறாகத் தரப்பட்டது. விலையற்ற அந்த ஐந்தாவதையும் இறைவன் மறப்பதில்லை என்பதே நற்செய்தி. குருவி விழாது என்று ஆண்டவர் சொல்லவில்லை. தந்தையின் கண் படாமல் விழாது என்றே சொன்னார். படைப்பில் இழப்பு உண்டு. ஆனால் மறதி இல்லை. மனிதர் எவரும் இல்லாத பாலையிலும் இறைவன் மழை பெய்விக்கின்றார் என்று யோபு நூல் (38:26) உரைப்பதும் இதனையே உணர்த்துகின்றது. நம் பயனுக்கு அப்பாலும் அவருக்கு உறவுகள் உண்டு.

விளக்கேற்றுபவர் பொறுப்பு

இனி முதல் வினாவுக்குத் திரும்புவோம். தேரையின் வாயில் மடியும் ஈசல் படைப்பின் ஒழுங்குக்குள் மடிகின்றது. நம் விளக்கைச் சுற்றிச் சுற்றிக் களைத்து மடியும் ஈசலோ நாம் உண்டாக்கிய ஒரு குழப்பத்தால் மடிகின்றது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதலாமா?

ஒரு செயலின் நன்மை தீமையை அளக்கையில் செயல், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் நோக்க வேண்டும் என்று ஒழுக்க இறையியல் கற்பிக்கின்றது. விளக்கேற்றுவது நல்ல செயல். பிள்ளைகள் படிக்கவும் வீட்டார் உண்ணவும் ஏற்றுகின்றோம், நோக்கமும் நல்லதே. பூச்சிகள் மடிவது நாம் வேண்டாத விளைவு. எனவே விளக்கேற்றியவரைக் குற்றவாளி என்று சொல்வது மிகையாகும். ஆனால் அறநூல் அங்கே நின்றுவிடுவதில்லை. நீக்க இயலாத அறியாமை வேறு, நீக்கக்கூடிய அறியாமை வேறு என்று அது பிரித்துக் காட்டுகின்றது. விளைவை அறியாதவரைக் கடமையும் இல்லை. அறிந்தபின், எளிதில் தவிர்க்கக்கூடிய தீங்கைத் தவிர்க்காமல் விடுவது நம்மைச் சாரும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ‘பசித்த மனிதர் ஆயிரம் இருக்க, ஈசலுக்கு இரங்குவதா? நம் கதவையும் நிலையையும் பெட்டியில் வைத்த ஞானமுழுக்குச் சான்றிதழையும் அரிப்பது இதே கறையான் அல்லவா?’ இம்மறுப்பு நேர்மையானது. விடையும் நேர்மையாகவே இருக்க வேண்டும். மனிதனுக்கும் பூச்சிக்கும் மாண்பு ஒன்றன்று. வீட்டை அரிக்கும் கறையானை அகற்றுவது பாவமன்று. 1992-இல் வெளியான ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’ (2418) விலங்குகளை மனிதரைப்போல் நேசிக்குமாறு கேட்கவில்லை; தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் அழிப்பதும் மனித மாண்புக்கே ஒவ்வாதவை என்றே கற்பிக்கின்றது. ‘தேவையின்றி’ என்னும் சொல்லில்தான் அறம் நிற்கின்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலும், நாம் பொருட்படுத்தாத புழு பூச்சிகளும் இயற்கையின் சமநிலையில் தமக்குரிய பணியை ஆற்றுவதை நினைவூட்டுகின்றது. பட்ட மரத்தை மண்ணாக்கி, இறுகிய நிலத்தில் காற்றும் நீரும் இறங்க வழி செய்யும் கறையான் அப்பணியாளருள் ஒன்று.

நம்மிடம் கேட்கப்படுவதோ மிகச் சிறியது. ஈசல் பறக்கும் அந்த ஒரு மணி நேரம், தேவையற்ற வெளிவிளக்குகளை அணைத்தல். நீலம் கலந்த வெள்ளை விளக்குக்குப் பதிலாக மஞ்சள் விளக்கை, ஒளி கீழ்நோக்கி மட்டும் விழுமாறு மூடியிட்டுப் பொருத்துதல். இவற்றால் ஏழையின் உணவில் ஒரு பருக்கையும் குறையாது. இருளில் வீட்டார் ஒன்றாக அமர்ந்து செபமாலை சொல்லும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கக்கூடும்.

வீழ்ந்தவரைப் பழிக்கும் நாவு

ஈசலோடு நின்றுவிட்டால் நம் சிந்தனை பாதியில் நின்றதாகும். விட்டில் உவமையை நாம் யார்மேல் ஏவுகின்றோம் என்று எண்ணிப் பார்ப்போம். 1990-களில் மிகுந்த வட்டி தருவதாகச் சொல்லித் தமிழகத்தில் பல நிதி நிறுவனங்கள் முளைத்தன. பலர் தம் சேமிப்பை இழந்தனர். 1997-இல் வைப்பீட்டாளரின் நலன் காக்க அரசு தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அந்நாள்களில் நம் நாவில் எளிதாக வந்த சொல் ‘பேராசை’ என்பதே. ஆனால் பணம் கட்டியவர்களுள் எத்தனை பேர், மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் தம் முதுமைக்கும் சேர்த்துவைக்க எண்ணியவர்கள்! குடும்பத்தைக் காக்க வேண்டும் என்பது இறைவன் மனித இதயத்தில் எழுதிய நல்ல விதி. அவ்விதியையே வழியாகக்கொண்டு அவர்களைத் தன்னைச் சுற்றச் செய்தது ஒரு பொய் விளக்கு. இன்று அவ்விளக்கு கைப்பேசித் திரையில் எரிகின்றது. உடனடிக் கடன் என்றும், வீட்டிலிருந்தே வருவாய் என்றும் அழைக்கின்றது.

நோயுற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, குணமளிப்பதாக விளம்பரம் செய்யும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓடும் தாயையும் நாம் ‘அறியாமை’ என்கின்றோம். அவள் தேடுவது இறைவனை. அவளுக்குக் கிடைப்பது மேடை விளக்கு. அன்புக்கு ஏங்கி, தகாத ஒருவரை நம்பிக் கைவிடப்பட்ட இளம்பெண்ணை ஊர் தூற்றுகின்றது; நம்ப வைத்தவனை ஊர் மறந்துவிடுகின்றது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. மனிதன் ஈசல் அல்லன். அவனுக்குப் பகுத்தறிவும் விருப்புரிமையும் உண்டு. நின்று, விளக்கு எது, வானம் எது என்று வினவும் ஆற்றல் உண்டு. எல்லாப் பழியையும் விளக்கின்மேல் ஏற்றினால், வீழ்ந்தவரை மனிதராக மதிக்கவில்லை என்றே பொருள்படும். அக்குவினார் இடறலைப் பற்றிப் பேசுகையில் இரு பக்கங்களைப் பிரிக்கின்றார். பிறர் விழக் காரணமாகும் சொல்லோ செயலோ ஒரு பக்கம். அதனால் ஒருவர் விழுவது மறுபக்கம். விழுந்தவருக்கும் பங்கு இருக்கலாம். விழச் செய்தவரின் பங்கு அதனால் குறைவதில்லை. நம் முன்னோர் இதனைத் ‘துர்மாதிரிகை’ என்ற சொல்லால் குறித்து, ஒப்புரவு அருளடையாளத்துக்கு முன் இதைக் குறித்தும் மனச்சான்றை ஆராயப் பழக்கினர். ஆண்டவரோ, சிறியோருள் ஒருவரைப் பாவத்தில் விழச் செய்பவரின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் ஆழ்த்துவது அவருக்கு நலம் என்னும் அளவுக்குக் கடுமையாகப் பேசினார் (மத் 18:6). விழுந்த சிறியோரைப் பற்றி அவர் அங்கே கடிந்து பேசவில்லை என்பது நம் கவனத்துக்கு உரியது.

நாம் எத்தகைய விளக்கு?

நாம் ஒவ்வொருவரும் யாரோ சிலருக்கு விளக்காக இருக்கின்றோம். பெற்றோர் பிள்ளைகளுக்கு, ஆசிரியர் மாணவருக்கு, பங்குப்பணியாளரும் துறவியரும் இறைமக்களுக்கு. உலகுக்கு ஒளியாக இருக்குமாறு ஆண்டவரே பணித்திருக்கின்றார்; ஆகவே அணைந்து கிடப்பது விடையாகாது. எரியும் விளக்கு எப்படி எரிகின்றது என்பதே வினா.

நல்ல விளக்குக்கு அளவுகோல் ஒன்றைத் திருமுழுக்கு யோவானிடம் காண்கின்றோம். அவரை எரிந்து ஒளிவீசும் விளக்கு என்று ஆண்டவர் புகழ்ந்தார் (யோவா 5:35). அதே நற்செய்தி, யோவான் அந்த ஒளி அல்லர் என்றும் தொடக்கத்திலேயே தெளிவாக்குகின்றது (1:8). தம்மைச் சூழ்ந்திருந்த சீடரைத் தம்மையே சுற்றிவர அவர் வைத்துக்கொள்ளவில்லை. கடந்து சென்ற செம்மறியைச் சுட்டிக்காட்டி அனுப்பிவைத்தார். வழியைக் காட்டும் விளக்கும் உண்டு. தன்னையே வானம் என்று நம்பவைக்கும் விளக்கும் உண்டு. முன்னதன் ஒளியில் மனிதர் தம் வழியே நடந்து போகின்றனர். பின்னதன் முன் அவர்கள் சுற்றிச் சுற்றிக் களைக்கின்றனர்.

நம் பிள்ளை நம்மைத் தாண்டி இறைவனிடம் செல்கின்றதா, நம் பாராட்டுக்காகவே சுழன்றுகொண்டிருக்கின்றதா? நம் ஆலயத் திருவிழாவின் மின்அலங்காரம் வந்தவரை நற்கருணை ஆண்டவரிடம் அழைத்துச் செல்கின்றதா, அலங்காரத்தின் அளவில் நிறுத்திவிடுகின்றதா? பக்கத்து ஊர் ஆலயத்தைவிட ஒரு கோபுரவிளக்கு கூடுதலாக எரிய வேண்டும் என்று நாம் வரி பிரிக்கும்போது, அந்த ஒளி யாருக்கு? நம்மை நாடி ஆறுதல் தேடி வருபவர் சில காலத்துக்குப் பின் நாமின்றியும் செபிக்கக் கற்றுக்கொள்கின்றாரா? இவ்வினாக்களுக்கு ஒவ்வொருவரும் தம் மனச்சான்றின் முன் விடை கூற வேண்டும். விழுந்தவரின் ஆசையை அளப்பதற்கு முன் நம் விளக்கின் இடத்தை அளப்பதே முறை.

உதிர்ந்த இறகுகள்

நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, நம் கல்லறைத் தோட்டங்களில் மாலையில் மெழுகுதிரிகள் ஏற்றப்படுகின்றன. மழை விட்டிருந்தால் ஈசல்களும் அங்கே வந்துவிடும். சுடரில் பட்டு விழும் சிலவற்றைப் பார்த்து, ‘மனித வாழ்வும் இவ்வளவே’ என்று எவரேனும் பெருமூச்செறிவதும் உண்டு.

மறுநாள் காலையில் நம் வாசலில் கிடக்கும் இறகுக் குவியலை இப்போது புதிய கண்களோடு நோக்கலாம். அத்தனையும் மடிந்தவற்றின் எச்சம் என்றே எண்ணியிருந்தோம். அவ்விறகுகளுள் சில, பல்லியின் வாயில் போனவற்றுக்கு உரியவை. வேறு சிலவோ, தரையை அடைந்து, இனித் தேவையில்லை என்று இறகைத் தாமே உதிர்த்துவிட்டு, துணையோடு நடந்து சென்று மண்ணுக்குள் வாழ்வைத் தொடங்கியவற்றுக்கு உரியவை. எது எதனுடையது என்று பெருக்குபவரால் பிரித்தறிய இயலாது. உதிர்ந்து கிடப்பதை மட்டும் கொண்டு, சென்றவரைப் பற்றித் தீர்ப்பளிக்க நமக்கு உரிமை இல்லை.

கடன்பட்டு மாண்டவர், குடியில் அழிந்தவர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர் என்று நாம் தயங்கித் தயங்கிப் பெயர் சொல்லும் கல்லறைகளும் நம் தோட்டத்தில் உண்டு. அவர்களைச் சுற்றவைத்த விளக்குகள் எவை என்பதை முழுமையாக அறிந்தவர் இறைவன் ஒருவரே. தாம் படைத்த எதையும் வெறுக்காதவர் அவர் என்று சாலமோனின் ஞானம் (11:24) சான்று பகர்கின்றது. இவ்வாண்டு அக்கல்லறைகளின் முன்னும் ஒரு திரி ஏற்றுவோம். அவர்கள் பெயரையும் சொல்லிச் செபிப்போம். வீடு திரும்பியதும், ஈசல் பறந்துகொண்டிருந்தால், வாசல் விளக்கை அணைத்துவிடுவோம்.